ஐரோப்பாவின் முதல் விவசாயிகள்: படிக்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் கொலோன் நகரை ஒட்டி லின்டன்தால் என்றொரு பகுதி இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் புட்லர், ஹாபரேய் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே ஒரு புதிய கற்காலக் கிராமத்தையே அகழ்ந்தார்கள். மேல்மண்ணை நீக்கியதும் இரண்டு வகைத் தடங்கள் தெரிந்தன. ஒன்று, ஒழுங்கில்லாமல் வளைந்து நெளிந்து கிடந்த பெரிய குழிகள். அவற்றுக்குள் பானை ஓடுகள், எலும்புத் துண்டுகள், கரி. மற்றொன்று, கம்பம் நட்டு மக்கிப்போன இடங்களில் மண் கறுத்து, வரிசை வரிசையாகத் தெரிந்த வட்டக் கறைகள். அந்த வட்டங்களைக் கோடிட்டு இணைத்தால் நீண்ட செவ்வகக் கட்டடங்கள் கிடைத்தன. ஆனால் உள்ளே அடுப்பும் இல்லை, ஓடும் இல்லை. பொருள் கிடந்த குழிகளில்தான் மக்கள் குடியிருந்தார்கள், வெறுமையாக இருந்த நீள்கட்டடங்கள் தானியக் களஞ்சியங்கள் என்று இருவரும் முடிவு கட்டினார்கள்.

உண்மை தலைகீழாக இருந்தது. நீள்கட்டடங்களே வீடுகள். குழிகள் அந்த வீடுகளின் சுவருக்குப் பூச மண் எடுத்த பள்ளங்கள். வேலை முடிந்ததும் வீட்டுக் குப்பையை அவற்றில் கொட்டியிருக்கிறார்கள். வீட்டுத் தரையோ ஏழாயிரம் ஆண்டு அரிப்பிலும் பிற்கால உழவிலும் சீவப்பட்டுப் போய்விட்டது. குப்பை மிஞ்சிய இடம் வீடாகிவிட்டது; வீடு களஞ்சியமாகிவிட்டது.

இருவரையும் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அத்தனை பரப்பில் ஒரு கிராமத்தைத் திறந்து பார்த்ததே அக்காலத்தில் பெரிய காரியம். ஆனால் ஐரோப்பாவின் தொடக்ககால விவசாயத்தைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளையும் காணொளிகளையும் பார்க்கும்போது, இந்தப் பிழையின் தம்பி தங்கைகளைத்தான் திரும்பத் திரும்பச் சந்திக்கிறேன். மண்ணில் மிஞ்சியதை, அன்று இருந்ததாகவே எடுத்துக்கொள்கிறோம்.

ஆண்டுக் கணக்கில் வழுக்குவது

மிகச் சாதாரணமான தவறு இது. நானே செய்திருக்கிறேன். "8,000 ஆண்டுகளுக்கு முன்" என்று மூலத்தில் இருந்ததை அவசரத்தில் "கி.மு. 8000" என்று எழுதிவிட்டேன். இரண்டாயிரம் ஆண்டு ஒரே வரியில் பறந்துபோனது. எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, அதாவது கி.மு. 6000 வாக்கில், கிரேக்கத்தில் கோதுமையும் ஆடும் வைத்திருந்த கிராமங்கள் நிலைபெற்றுவிட்டன. கி.மு. 8000இல் அதே நிலத்தில் வேட்டையாடி, மீன் பிடித்து, கொட்டை பொறுக்கியவர்கள்தாம் இருந்தார்கள். ஒரு சின்னச் சொல் மாற்றம், ஒரு யுகத்தையே இடம் மாற்றிவிடும்.

தோராயமான சட்டகம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மேற்காசியாவில் தொடங்கிய பயிரும் கால்நடையும் கிரீட் தீவின் நோசோஸுக்குக் கி.மு. 7000 வாக்கில் வந்தன. பால்கன் வழியாக டான்யூப் நதிக்கரைக்குக் கி.மு. 6000 வாக்கில். மத்திய ஐரோப்பாவில் கி.மு. 5500க்குப் பிறகு. பிரிட்டனிலும் தென் ஸ்காண்டிநேவியாவிலும் கி.மு. 4000 வாக்கில். ஆக, தென்கிழக்கு முனையிலிருந்து வடமேற்கு முனைக்கு வர மூவாயிரம் ஆண்டு. "ஐரோப்பாவில் விவசாயம் எப்போது தொடங்கியது?" என்ற கேள்விக்கு ஒரே ஆண்டைப் பதிலாக எழுதும் கட்டுரையை அங்கேயே மூடிவிடலாம்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. உயிர்ப்பொருளில் மிஞ்சிய கார்பன்-14ஐ அளந்து காலம் கணிக்கும் ரேடியோ கார்பன் முறை தரும் எண் நேரடியான நாட்காட்டி ஆண்டு ஆகாது. வளிமண்டலத்தில் கார்பன்-14இன் அளவு காலந்தோறும் ஏறி இறங்கியிருப்பதால், மரவளையங்களை வைத்து அந்த எண்ணைத் திருத்த வேண்டும். மேலும் அந்தக் கணக்கில் "இன்று" என்பது 1950. ஆய்வகம் "இன்றைக்கு முன் 5000" என்று சொன்னால் 1950ஐக் கழித்துக் கி.மு. 3050 என்று போடத் தோன்றும். திருத்தியபின் அது சுமார் கி.மு. 3800 ஆகிறது. பழைய நூலகப் புத்தகங்களில், குறிப்பாக 1970களுக்கு முந்தியவற்றில், திருத்தாத ஆண்டுகளே நிறைந்திருக்கும். அவற்றையும் புதிய கட்டுரைகளையும் ஒரே அட்டவணையில் கலந்தால், மகன் தந்தைக்கு முன்பே பிறந்துவிடுவான்.

சாப்பாடே ஆண்டை மாற்றிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. செர்பியாவில், டான்யூப் மலையிடுக்கில், லெபென்ஸ்கி வீர் என்னும் ஊரை 1960களில் தொல்லியலாளர் ஸ்ரேயோவிச் அகழ்ந்தார். சரிவகத் தரைகொண்ட வீடுகள், மீன்முகம்கொண்ட கல் சிற்பங்கள் என்று அதிசயமான ஊர் அது. அங்கே வாழ்ந்தவர்கள் ஆற்றுமீனைப் பெரிதும் உண்டவர்கள். ஆற்றுநீரில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்த பழைய கார்பன் இருக்கும். அது மீனுக்கும், மீனிலிருந்து மனித எலும்புக்கும் போகும். அதனால் அந்த எலும்புகள் உண்மையைவிட ஐந்நூறு ஆண்டு வரைகூட மூத்தவையாகக் காட்டும். அதே குழியில் கிடந்த மானின் எலும்பு சரியான காலத்தைச் சொல்லும். "மனித எலும்பிலேயே நேரடியாகக் காலம் கணித்தார்கள்" என்ற வரியைப் படித்ததும் நிம்மதியடையாமல், அந்த மனிதர் என்ன சாப்பிட்டார் என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

எந்த அடுக்கில் கிடந்ததோ அந்தக் காலத்தது என்று நம்புவது

எனக்கு மிகப் பிடித்த எச்சரிக்கைக் கதை பனிவரகுடையது. பனிவரகு வட சீனாவில் பயிராக்கப்பட்ட தானியம். ஆனால் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பாவின் பல புதிய கற்கால ஊர்களில் பனிவரகு மணிகள் கிடைத்ததாக அறிக்கைகள் வந்துகொண்டிருந்தன. யூரேசியாவின் இரு கோடியிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே தானியம் எப்படி? இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பயிராக்கினார்களா? அல்லது யாரும் அறியாத ஒரு பழங்காலப் பாதை வழியாகச் சீனத்திலிருந்து வந்ததா? ஆய்வரங்குகளில் வாதம் நீண்டது.

விடை சலிப்பூட்டும் அளவுக்கு எளியது. பனிவரகு மணி ஓரிரு மில்லிமீட்டர்தான். எலி வளை, மண்புழுத் துளை, வேர் விட்ட பாதை, கோடையில் வெடித்த மண்பிளவு, எதன் வழியாகவும் கீழே இறங்கிவிடும். மேலே வெண்கலக் காலத்து ஊர், கீழே புதிய கற்காலத்து ஊர் என்றால், மேலே கொட்டிய மணி கீழே போய் அமர்ந்துகொண்டு ஆய்வாளரைப் பார்த்துச் சிரிக்கும். முன்பெல்லாம் காலம் கணிக்கப் பெரிய கரித்துண்டு வேண்டும். மணியின் அருகே கிடந்த கரியையோ எலும்பையோ கணித்து, அதையே மணிக்கும் சூட்டினார்கள். ஒற்றை மணியையே கணிக்கும் நுட்பம் வந்தபின், 2013இல், புதிய கற்காலத்தவை என்று நம்பப்பட்ட மணிகளை நேரடியாகச் சோதித்தார்கள். எதுவும் கற்காலத்தது இல்லை. பிறகு நடந்த விரிவான ஆய்வும் அதையே உறுதி செய்தது. ஐரோப்பாவில் பனிவரகு பரவியது கி.மு. 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான்.

கோழிக்கும் இதே கதி நேர்ந்தது. ஐரோப்பாவில் புதிய கற்காலத்திலேயே கோழி இருந்தது என்று பல்கேரியா முதலிய இடங்களின் எலும்புகளை வைத்துச் சொல்லிவந்தார்கள். 2022இல் மிகப் பழையவை என்று கருதப்பட்ட 23 எலும்புகளை நேரடியாகக் கணித்தபோது பெரும்பாலானவை மிகவும் பிந்தியவை என்று தெரிந்தது. தென்கிழக்காசியாவில் மனிதரோடு நெருங்கிய அந்தப் பறவை ஐரோப்பாவுக்கு வந்தது கி.மு. 800 வாக்கில். முதல் விவசாயிகளின் முற்றத்தில் கோழி மேய்வதாக வரையும் ஓவியர்கள் அதை அழித்துவிடலாம். உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம் ஆகியவை கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஒரு காணொளியில் கற்காலக் குடிசை வாசலில் மக்காச்சோளக் கதிர் தொங்குவதைப் பார்த்தபின் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

ஆக, ஒரு விதையையோ எலும்பையோ பற்றி எழுதும்போது, காலம் எதிலிருந்து கணிக்கப்பட்டது என்று பாருங்கள். அந்தப் பொருளிலிருந்தேயா, பக்கத்தில் கிடந்ததிலிருந்தா, அடுக்கிலிருந்தா? அறிக்கையில் இது கட்டாயம் எழுதியிருக்கும். செய்திச் சுருக்கத்தில்தான் விழுந்துபோகும்.

கருகியதை வைத்துச் சாப்பாட்டுப் பட்டியல் போடுவது

உலர்ந்த நிலத்தில் விதை மக்கிப்போகும். நெருப்பில் பட்டு, முழுக்கச் சாம்பலாகாமல் கரியாகி நின்றதுதான் ஆயிரக்கணக்கான ஆண்டு தாங்கும். அப்படியானால் எது கருகும்? இதைக் கிராமத்துச் சமையலறையில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வறுக்கும்போது தவறி விழுந்த மணி, அடுப்பெரிக்கப் போட்ட உமி, தீப்பிடித்த குதிர், இவை கருகும். கீரை கருகாது. பால் கருகாது. கஞ்சியில் வெந்த மணி உருத்தெரியாமல் போய்விடும். எண்ணெய் வித்து பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடும். கிழங்கு கருகினாலும் அடையாளம் காண்பது கடினம்.

முதல் விவசாயிகளின் முக்கியத் தானியங்கள் எம்மர், ஐன்கார்ன் என்னும் உமிக்கோதுமைகள். தமிழ்நாட்டில் சம்பா கோதுமை என்ற பெயரில் பயிரானதும் இதே எம்மர் இனம்தான். இவற்றைப் போரடித்தால் மணி தனியே வந்து விழாது, உமியோடுதான் வரும். பிறகு உரலில் குத்திப் புடைக்க வேண்டும். அதனால் இவற்றின் உமி, குத்திய இடத்தில் குவியும், அடுப்புக்குப் போகும், கருகும். ஒரு குழியில் உமி மலையாகவும் மணி அரிதாகவும் இருந்தால், அங்கே மணி குறைவு என்று பொருளாகாது. அது புடைத்த குப்பை. மணி மட்டும் இருந்தால், அது சமைக்கத் தயாரான சரக்கு. போரடித்தல், தூற்றுதல், புடைத்தல் என்ற வரிசை தெரியாதவர் இந்தக் கரியைப் படிக்க முடியாது.

பிரிட்டனில் ஒரு பெரிய விவாதமே இதைச் சுற்றி நடக்கிறது. கி.மு. 4000க்குப் பின் கோதுமையும் பார்லியும் வந்தன. சில நூற்றாண்டுகளில் தானியத் தடயங்கள் மெலிந்தன. காட்டில் விளையும் ஹேசல் கொட்டையின் கருகிய ஓடுகள் பெருகின. விவசாயத்தைக் கைவிட்டு மீண்டும் கொட்டை பொறுக்கப் போனார்களா என்று 2012இல் ஸ்டீவன்ஸ், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் கேட்டார்கள். அவர்கள் வெறும் எண்ணிக்கையை மட்டும் நம்பவில்லை, நேரடிக் காலக்கணிப்புகளைத் திரட்டினார்கள், கேள்வி நியாயமானது. ஆனால் அதை நாம் மேற்கோள் காட்டும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: கொட்டை ஓடு என்பது கழிவு, தின்றபின் நெருப்பில் வீசுவது. கோதுமை மணி என்பது உணவு, கருகினால் அது நஷ்டம். கழிவையும் நஷ்டத்தையும் தராசின் இரு தட்டில் வைத்து "பாதி உணவு கொட்டை" என்று எழுதுவது, வீட்டு வாசலில் கிடக்கும் வாழைப்பழத் தோலை எண்ணி அந்த வீட்டில் சோறே பொங்கவில்லை என்று சொல்வதைப் போன்றது.

சேற்றில் மூழ்கிய ஊர்களுக்குப் போனால் காட்சியே மாறுகிறது. ஆல்ப்ஸ் மலையைச் சுற்றிய ஏரிகளின் கரைகளில் காற்றுப் புகாத சேறு எல்லாவற்றையும் காத்து வைத்திருக்கிறது. கசகசா, ஆளி விதை, இரண்டாகப் பிளந்து உலர்த்திய காட்டு ஆப்பிள், நார்த்துணி. இதே மக்கள் உலர்நிலத்தில் வாழ்ந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது கொஞ்சம் கோதுமைக் கரிதான். "அவர்கள் கசகசா பயன்படுத்தவில்லை" என்று சொல்லியிருப்போம்.

எதிர்ப்பக்கம் சிப்பி. டென்மார்க்கின் எர்டபொல்ல கடற்கரையில் நூறு மீட்டருக்கும் நீளமான சிப்பி மேடு இருக்கிறது. பார்த்ததும் இவர்கள் சிப்பியை மட்டுமே தின்று வாழ்ந்தார்கள் என்று தோன்றும். தொல்லியலாளர் ஜெஃப் பெய்லி 1970களில் ஒரு கணக்குப் போட்டார்: ஒரு சிவப்பு மானின் இறைச்சி தரும் ஆற்றலுக்கு ஏறத்தாழ 50,000 சிப்பிகள் வேண்டும். மான் ஒரு கைப்பிடி எலும்பை விட்டுப்போகும். சிப்பி மலையை விட்டுப்போகும்.

எலும்பின் நைட்ரஜனைப் பார்த்து "இறைச்சி" என்று எழுதுவது

எலும்பில் உள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகைகளைக் கொண்டு உணவை அறியும் முறை இப்போது செய்தித்தாள்வரை வந்துவிட்டது. நைட்ரஜன்-15 உணவுச் சங்கிலியில் படிக்குப் படி கூடும். செடியைவிட ஆட்டில் அதிகம், ஆட்டைவிட அதைத் தின்றவரில் அதிகம். ஆகவே ஒரு புதிய கற்கால மனிதரிடம் அது கூடுதலாக இருந்தால், இறைச்சியும் பாலும் நிறைய உண்டவர் என்று எழுதிவிடுகிறார்கள். செடியில் எவ்வளவு இருந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டின் ஏமி போகார்ட் தலைமையில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வு அந்த இடத்தில்தான் கை வைத்தது. ஐரோப்பாவின் 13 புதிய கற்கால ஊர்களில் கிடைத்த கருகிய தானியங்களையும் பயறுகளையும் சோதித்தார்கள். தொழுவுரம் இட்ட வயலில் விளைந்த தானியத்தில் நைட்ரஜன்-15 கூடியிருக்கும். பண்டைய மணிகளிலும் அந்தக் கூடுதல் தெரிந்தது. கி.மு. ஆறாம் ஆயிரத்தாண்டிலேயே சாணத்தைச் சுமந்து வயலில் கொட்டியிருக்கிறார்கள். இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று, உரமிட்ட கோதுமையை மட்டுமே தின்றவரின் எலும்பும் இறைச்சி தின்றவரின் எலும்பைப்போலத் தோற்றம் காட்டலாம். மற்றொன்று இன்னும் சுவையானது. உரம் இட்டால் பலன் பல ஆண்டுக்கு வரும். பல ஆண்டுக்கு வருமென்றால் அந்த நிலத்தை விட்டுப்போக மனம் வராது. நிலத்தின்மேல் உரிமை என்ற எண்ணமே சாணக்கூடையோடு வந்திருக்கலாம்.

இந்த இடத்தில் இன்னொரு பழைய தவறும் விழுகிறது. முதல் விவசாயிகள் காட்டை எரித்து, இரண்டு மூன்று ஆண்டு பயிரிட்டு, மண் சோர்ந்ததும் வேறிடம் போனார்கள் என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. களைகள் அதை மறுக்கின்றன. தானியத்தோடு சேர்ந்து கருகிய களை விதைகளில், புதிதாய் வெட்டிய காட்டில் முளைக்கும் பல்லாண்டுச் செடிகள் அதிகமில்லை. ஆண்டுதோறும் கொத்திக் களையெடுத்த நிலையான நிலத்துக் களைகளே மிகுதி. மத்திய ஐரோப்பாவின் முதல் வயல், தோட்டம் அளவுக்குச் சிறியது, தோட்டம்போலப் பராமரிக்கப்பட்டது.

ஐசோடோப்பு எதைச் சொல்லாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எலும்பில் சோதிக்கப்படும் புரதமான கொலாஜன், உணவின் புரதத்தைத்தான் பெரும்பாலும் பதிவு செய்கிறது. மாவுச்சத்தும் எண்ணெயும் மறைந்தே நிற்கும். பலவாண்டுகளின் சராசரியைத்தான் தரும். ஆட்டிறைச்சியையும் ஆட்டுப்பாலையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

பால் இருந்தது என்றால் பால் குடித்தார்கள் என்று பொருளா?

பானையின் நுண்துளைகளில் கொழுப்பு ஊறி ஆயிரமாயிரம் ஆண்டு தங்கும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் வளர்த்தெடுத்த முறையால் அது இறைச்சிக் கொழுப்பா, பால்கொழுப்பா என்று பிரிக்க முடியும். வடமேற்கு அனடோலியாவில், அதாவது இன்றைய துருக்கியில், கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டிலேயே பால் பானையில் இருந்தது. ஆனால் அக்கால மனிதர்களின் டி.என்.ஏ.வில், வளர்ந்தபின்னும் பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கவைக்கும் மரபணு மாற்றம் இல்லை. ஐரோப்பாவில் அது கி.மு. 4700 வாக்கில் தலைகாட்டி, கி.மு. 1000 வாக்கில்தான் பரவலானது. இடையில் ஆயிரக்கணக்கான ஆண்டு, செரிக்காத வயிற்றோடு பால்.

போலந்தின் குயாவியா பகுதியில் கிடைத்த, துளைபோட்ட பானை ஓடுகள் இதற்கு அழகான பதில் தருகின்றன. அவை சீஸ் வடிகட்டிகளாக இருக்கலாம் என்று தொல்லியலாளர் பீட்டர் பொகுட்ஸ்கி 1980களிலேயே ஊகித்தார். 2013இல் அவற்றில் பால்கொழுப்பு உறுதியானது. தயிராக்கி, திரித்து, நீரை வடித்துவிட்டால் லாக்டோஸின் பெரும்பங்கு நீரோடு போய்விடும். மோர் மட்டும் ஒத்துக்கொள்ளும் வயிறுகொண்ட உறவினர் யாராவது நம் வீட்டிலும் உண்டு. அவர்களிடம் கேட்டால் விளக்கிவிடுவார்கள்.

பால் குடித்த ஊர்களில்தான் அந்த மரபணு தேர்ந்தெடுக்கப்பட்டது என்று எழுதுவதும் இப்போது போதாது. 500க்கும் மேற்பட்ட இடங்களின் பானைகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், பாலின் பயன்பாடு கூடிக் குறைந்ததற்கும் மரபணு பரவியதற்கும் பொருத்தம் தெரியவில்லை. பஞ்சமும் நோயும் வந்த காலங்களில், செரிக்காத பால் தந்த வயிற்றுப்போக்கு உயிரையே பறித்திருக்கலாம் என்பது அந்தக் குழுவின் விளக்கம். நல்ல விளக்கம், ஆனாலும் விளக்கம்தான்.

ஒருவரின் கடைசி உணவை ஒரு காலத்தின் உணவாக்குவது

1991இல் ஆல்ப்ஸ் பனியிலிருந்து கிடைத்த ஓட்ஸி என்னும் மனிதர் கி.மு. 3300 வாக்கில் அம்படிபட்டு இறந்தவர். வயிற்றில் ஐபெக்ஸ் மலையாடு, சிவப்பு மான், ஐன்கார்ன் கோதுமை. உள்ளடக்கத்தில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. இதை எடுத்துக்கொண்டு "கற்கால மனிதர் கொழுப்பு மிகுந்த காட்டிறைச்சியே உண்டார்" என்று உணவுமுறை வகுப்பு நடத்துபவர்கள் இருக்கிறார்கள். மூவாயிரம் மீட்டர் உயரத்தில், குளிரில், மலையேறிக்கொண்டிருந்த ஒருவரின் ஒருவேளைச் சாப்பாடு அது. பயணக் கட்டுச்சோற்றை வைத்து வீட்டுச் சமையலை எழுத முடியாது.

டென்மார்க்கின் சதுப்பில் உடல் கெடாமல் கிடைத்த டோலண்ட் மனிதர் காலத்தால் பிந்தியவர், இரும்புக் காலத்தவர், கி.மு. 400ஐ ஒட்டி இறந்தவர். அவர் வயிற்றில் பார்லி, ஆளி விதை, களை விதைகள் கலந்த கூழ். 1954இல் பிபிசி தொலைக்காட்சியில் அந்தக் கூழைச் சமைத்து தொல்லியலாளர்கள் மார்ட்டிமர் வீலரும் க்ளின் டேனியலும் ருசி பார்த்தார்கள், முகம் சுளித்தார்கள். அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த அதே வீலர்தான். களை விதைகள் அதிகமிருந்ததால் பலிக்கு முன் தந்த சடங்குணவு என்று சிலர் எழுதினார்கள். 2021இல் மீண்டும் சோதித்தபோது, அது பெரும்பாலும் சாதாரணக் கூழ்தான், கொஞ்சம் மீனும் சேர்ந்திருந்தது, களை விதைகள் புடைத்த கழிவிலிருந்து வந்திருக்கும் என்று தெரிந்தது.

பானை, அம்மி, வீடு: இவை விவசாயத்தின் முத்திரைகள் அல்ல

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இத்தாலியின் பிலான்சினோவில் 30,000 ஆண்டு பழைய அரைக்கும் கல்லில் சம்பங்கோரைக் கிழங்கின் மாவுத்துகள் கிடைத்தது. அப்போது விவசாயம் எங்கும் இல்லை. சிப்பி மேட்டை விட்டுப்போன எர்டபொல்ல மக்கள் பயிரிடாமலே பானை வனைந்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டார் கார் ஏரிக்கரையில் வேட்டைச் சமூகம் கி.மு. 9000 வாக்கில் கம்பம் நட்டுக் குடில் போட்டது. பயிரிட்டதற்குச் சான்று வேண்டுமானால் பயிரையே காட்ட வேண்டும்: தானாக உதிராத கதிர்க்காம்பு, வளர்ப்பு ஆட்டின் எலும்பு.

தமிழுக்கே உரிய ஒரு கண்ணி: "உழவர்" என்று எழுதிவிடுகிறோம். லின்டன்தால் மக்கள் கொத்திப் பயிரிட்டவர்கள். ஏர் பூட்டிய சால்தடங்கள் ஐரோப்பாவில் பெரும்பாலும் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டிலிருந்தே தெளிவாகக் கிடைக்கின்றன. அழகான சொல்தான், இங்கே மட்டும் அதை ஒதுக்கிவைத்து "விவசாயி" என்று எழுதுவது பாதுகாப்பு.

நீருக்குமேல் நின்ற ஊர்

1853-54 குளிர்காலத்தில் சூரிச் ஏரியின் நீர் வற்றியபோது ஓபர்மைலனில் ஆயிரக்கணக்கான மரக்கம்பங்கள் வெளியே தெரிந்தன. தொல்லியலாளர் ஃபெர்டினான்ட் கெல்லர் அவற்றைப் பார்த்து, நீருக்குமேல் மேடையிட்டு வாழ்ந்த ஊர்கள் என்றார். நியூ கினியின் கடலோரக் கம்ப வீடுகளைப் பற்றிப் பயணிகள் வரைந்த படங்கள் அப்போது புழக்கத்தில் இருந்தன. கெல்லரின் கற்பனைக்கு அவை அச்சாயின. சுவிஸ் ஓவியர்கள் தீட்டினார்கள், அஞ்சலட்டைகள் அச்சாயின, நீருக்குமேல் நிற்கும் மாதிரி ஊர்களும் எழுந்தன. ஏரியின் நீர்மட்டம் காலந்தோறும் மாறும் என்பது பிறகுதான் உறைத்தது. பல ஊர்கள் அன்று ஈரக்கரையில் இருந்தவை. நீர் பின்னால் ஏறி மூடியது. சில இடங்களில் பருவ வெள்ளத்துக்காகத் தளத்தை உயர்த்தியும் கட்டினார்கள். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 111 இடங்களுக்கும் சேர்த்து ஒரே சித்திரம் வரைய முடியாது.

"பல நூற்றாண்டு நிலைத்த கிராமம்" என்ற சொற்றொடரையும் இந்த ஏரிகள் உடைக்கின்றன. சுவிட்சர்லாந்தின் ஆர்போன் ப்ளைஷே 3இல் மரவளையங்கள் ஆண்டைத் துல்லியமாகச் சொல்கின்றன: கி.மு. 3384இல் முதல் மரம் வெட்டினார்கள், 3370இல் கடைசி மரம். பிறகு ஊர் தீக்கிரையானது. பதினைந்து ஆண்டு. ஒரு குழந்தை பிறந்து மீசை அரும்புவதற்குள் ஊர் முடிந்துவிட்டது. ரேடியோ கார்பனில் இதே ஊர் ஒரு நூற்றாண்டுப் புகைமூட்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

வந்தார்களா, கற்றார்களா?

விவசாயம் மனிதரோடு வந்ததா, வேட்டையாடிகள் பார்த்துக் கற்றுக்கொண்டார்களா என்பது பழைய சண்டை. பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வைப் படிக்கும் முறை வந்தபின் பெரும்பகுதி தெளிவாகிவிட்டது. மத்திய ஐரோப்பாவின் முதல் விவசாயிகளான, பானையில் கோட்டுப்பட்டை கீறிய கோட்டுப்பட்டை மட்கலப் பண்பாட்டு மக்களின் மரபுவழி ஏறத்தாழ முழுவதும் அனடோலியாவிலிருந்து வந்தது. பிரிட்டனிலும் வந்தவர்களே மிகுதி. ஆனால் "வந்தவர்கள் இருந்தவர்களை அழித்தார்கள்" என்று ஒரே வரியில் முடிப்பது இன்னொரு பிழை. பால்டிக் பகுதியில் அனடோலிய மரபு இல்லாமலே பானையும் பழக்கங்களும் பரவின. மத்திய ஐரோப்பாவில் சில நூற்றாண்டு கழிந்து வேட்டையாடி மரபு விவசாயிகளிடையே கூடுகிறது. பரவிய வேகமும் சீரானதில்லை. காற்று கொண்டுவந்து சேர்த்த லோயஸ் நுண்மண் நிலங்களில் ஹங்கேரியிலிருந்து பாரிஸ் வரை ஐந்நூறு ஆண்டில் ஓடிய விவசாயம், வட ஜெர்மானியச் சமவெளியின் விளிம்பில் வந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றுவிட்டது. கடலோரத்தில் மீனும் சிப்பியும் சீலும் தாராளமாக வைத்திருந்தவர்கள் வயலில் குனிய அவசரப்படவில்லை.

புதிய முறைகளும் பழைய பிழைகளிலிருந்து தப்பவில்லை. 2015 பிப்ரவரியில், இங்கிலாந்தின் வைட் தீவை ஒட்டிய பௌல்ட்னர் க்ளிஃப் கடலடி மண்ணில் 8,000 ஆண்டு பழைய கோதுமை டி.என்.ஏ. கிடைத்ததாக அறிவித்தார்கள். பிரிட்டனில் விவசாயம் தொடங்குவதற்கு இரண்டாயிரம் ஆண்டு முன்பு! மணியோ உமியோ மகரந்தமோ அங்கே இல்லை. அதே ஆண்டிலேயே வேறொரு குழு அந்த டி.என்.ஏ.வைச் சோதித்து, பழைய மூலக்கூறுக்கு இருக்க வேண்டிய சிதைவு அதில் தெரியவில்லை என்றது. முதல் செய்தி உலகமெங்கும் போனது, மறுப்பு போகவில்லை. பனிவரகு மணி எலி வளை வழியே இறங்கியது. மூலக்கூறுக்கு எலிகூடத் தேவையில்லை.

ஜெர்மனியின் ஹாகன் நகருக்கு அருகில் ப்ளாட்டர்ஹோலெ என்னும் குகை. விவசாயம் அந்நாட்டுக்கு வந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் கழிந்த காலத்து மனித எலும்புகள் அதில் கலந்து கிடந்தன. விவசாயிகளின் கல்லறை என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2013இல் ஐசோடோப்பும் டி.என்.ஏ.வும் பார்த்தபோது எலும்புகள் இரண்டாகப் பிரிந்தன: ஒரு பகுதியினர் வளர்ப்பு விலங்கின் உணவில் வாழ்ந்தவர்கள், மற்றொரு பகுதியினர் ஆற்றுமீனில் வாழ்ந்தவர்கள், தாய்வழியில் பழைய வேட்டையாடி மரபினர். ஒரே குகை, ஒரே நூற்றாண்டுகள், இரு வேறு அடுப்பு. முழு மரபணுத் தொகுதியைப் பின்னர் ஆராய்ந்தபோது அந்த எலும்புகளிலேயே இரு மரபும் கலந்திருந்தது தெரிந்தது. மீன் தின்றவர்களும் ஆடு வளர்த்தவர்களும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். இறந்தவர்களை ஒரே இருட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.